அப்பாவின் கோட்டு, அக்காவின் கவுன், தம்பியின் கால்சட்டை: இரு உலகப் போர்களுக்கு நடுவே பின்லாந்துக் கிராமத்துப் பிள்ளைகளின் உடை

1920-களிலும் 1930-களிலும் பின்லாந்தின் கிராமத்து வீடுகளில் பிள்ளைக்குத் துணி எடுக்கவென்று யாரும் கடைக்குக் கிளம்புவது அபூர்வம். போனால் பருத்தி நூல், பொத்தான், எலாஸ்டிக், சாயப் பொட்டலம், ஊசி என்று வாங்கி வருவார்கள். கையில் காசு புரண்டால் சில மீட்டர் சீட்டித் துணியும் சேரும். மற்றதெல்லாம் ஆட்டின் மேலேயோ, நாருக்காக வளர்த்த ஆளிச் செடி வயலிலேயோ, பெரியவர் ஒருவரின் நைந்த கோட்டிலேயோ இருந்துதான் வர வேண்டும்.

இந்த உடைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவருக்கு முதலில் விசித்திரமாகத் தெரிபவை சில உண்டு. நான்கு வயதுப் பையன் கவுன் போட்டிருப்பான். கவுனில் முழங்காலுக்கு மேலே குறுக்குக் கோடுகள் ஓடும். ஞாயிற்றுக்கிழமை உடையில் நிற்கும் பிள்ளைக்குக் காலில் செருப்பு இருக்காது. எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே: அந்த வீட்டில் துணி என்பது மாதக்கணக்கான உழைப்பு. பிள்ளை வளரும், துணி வளராது. ஆகவே துணியைக் காப்பாற்றும்படிதான் உடை தைக்கப்பட்டது. பிள்ளையின் அளவு அப்புறம்தான்.

பின்னணி கொஞ்சம். பின்லாந்து 1917 டிசம்பரில் விடுதலை அறிவித்தது. 1918-இல் உள்நாட்டுப் போர். அதே ஆண்டு வந்த சட்டத்தின் வழியாக, பிறர் நிலத்தில் குடியிருந்து உழைத்த குத்தகைக் குடும்பங்கள் தங்கள் நிலத்தைச் சொந்தமாக வாங்க முடிந்தது. அதனால் சில மாடுகள், சில ஆடுகள், ஒரு குதிரை என்றிருக்கும் சிறு பண்ணைகள் பெருகின. சாப்பாட்டுக்குப் பண்ணை போதும். காசுக்கு வழி பால் பண்ணைக்கு ஊற்றும் பாலும், குளிர்காலத்தில் ஆண்கள் போகும் மரவெட்டு வேலையும்தான். 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரம் சரிந்து மரத்தின் விலை விழுந்தபோது அந்தக் காசும் நின்றது, கடனில் இருந்த பண்ணைகள் ஏலத்துக்குப் போயின. கொஞ்சம் கடைத்துணிக்குப் பழகியிருந்த வீடுகளில்கூடத் தறி மறுபடி ஓடத் தொடங்கியது அப்போதுதான்.

ஆடும் ஆளியும்

நாட்டு ஆடான பின்லாந்துச் செம்மறி ஒரே ஈற்றில் இரண்டு மூன்று குட்டிகள் போடும். வெள்ளை, கறுப்பு, பழுப்பு என்று நிறங்கள் உண்டு. ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறை ரோமம் கத்தரிப்பார்கள். இலையுதிர் காலத்து ரோமம்தான் உயர்ந்தது. கோடை முழுக்க ஆடு வெளியே மேய்ந்திருப்பதால் ரோமம் சுத்தமாக இருக்கும். குளிர்காலம் முழுதும் கொட்டிலில் கிடந்த ஆட்டின் ரோமத்தில் வைக்கோல் துணுக்கும் சாணமும் சிக்கி, பாதி முறுக்கேறியிருக்கும். அதை மிதியடிக்கும் முரட்டுப் போர்வைக்கும் ஒதுக்குவார்கள். ஓர் ஆட்டிலிருந்து ஆண்டுக்கு 2 முதல் 3 கிலோ கிடைக்கலாம். கழுவி அழுக்கும் கொழுப்பும் போனால் அதிலும் ஒரு பகுதி குறையும். முழங்காலுக்கு மேல் வரும் குழந்தைக் காலுறை ஒரு ஜோடிக்கு 100 முதல் 150 கிராம் நூல் தேவை. ஐந்தாறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆளுக்கு இரண்டு ஜோடி என்று கணக்குப் போட்டால், ஓர் ஆட்டின் ரோமம் காலுக்கே சரியாகிவிடும்.

ரோமத்தைக் கையால் பிரித்து, கம்பிப் பற்கள் கொண்ட இரண்டு பலகைகளுக்கு இடையே சீவி, சுருள்களாக்கி, ராட்டையில் நூற்பார்கள். கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்துச் சீவினால் சாயமே இல்லாமல் சாம்பல் நிறம் கிடைக்கும். பையன்களின் உடையில் சாம்பல் அத்தனை பரவலாக இருந்ததற்கு ரசனையைக் காரணமாகச் சொல்ல வேண்டியதில்லை. சாயச் செலவில்லாத நிறம் அது, அழுக்கும் தெரியாது. படிகாரத்தில் ஊறவைத்த நூலைப் பிர்ச் மர இலையோடு கொதிக்கவிட்டால் மஞ்சள் வரும். ஆல்டர் மரப்பட்டை பழுப்புத் தரும். சிவப்புக்கும் பளிச்சென்ற நீலத்துக்கும் பெரும்பாலும் கடைச் சாயம்தான்.

உள்ளாடைக்கு ஆளிச் செடியின் நாரில் நெய்த துணி, அதாவது லினன். இங்கேதான் உழைப்பு மலைக்க வைக்கும். செடியை அறுக்கமாட்டார்கள், வேரோடு பிடுங்குவார்கள். அறுத்தால் நாரின் நீளம் போகும். விதைக் காய்களைச் சீப்பு போன்ற பற்களில் இழுத்து உதிர்த்தபின், கட்டுகளை ஏரியில் கல் வைத்து அமிழ்த்தி ஊறப்போட வேண்டும். தண்ணீரின் சூட்டைப் பொறுத்து இது ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். எத்தனை நாள் என்று வாய்ப்பாடு கிடையாது. ஒரு தண்டை எடுத்து ஒடித்துப் பார்ப்பார்கள். நார் தண்டின் நடுத் தக்கையிலிருந்து தானாக உரிந்து வந்தால் வெளியே எடுக்க வேண்டிய நேரம். முன்கூட்டியே எடுத்தால் நாரில் தக்கைத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு, சட்டையான பிறகும் முதுகைக் குத்தும். நாள் தவறவிட்டால் நாரே அழுகி வலுவிழக்கும். நூற்கும்போது அறுந்துகொண்டே இருக்கும். ஒரு வாரக் கவனக்குறைவில் ஓர் ஆண்டின் உள்ளாடை போய்விடலாம்.

ஊறியதைச் சூடேற்றிய களத்துக் கொட்டகையிலோ, சௌனா என்ற சூட்டுக் குளியல் அறையிலோ உலர்த்தி, மரக் கத்தி போன்ற கருவியால் நொறுக்கி, தட்டி, பிறகு ஆணிகள் நிறைந்த பலகையில் இழுத்துச் சீவுவார்கள். கையில் மிஞ்சும் நீண்ட, பளபளப்பான நார் படுக்கை விரிப்புக்கும் நல்ல சட்டைக்கும் போகும். ஆணிகளில் சிக்கிக்கொள்ளும் குட்டைக் கழிவு நாரையும் விடமாட்டார்கள். அதையும் நூற்று முரட்டுத் துணி நெய்வார்கள். பிள்ளைகளின் அன்றாடச் சட்டை பெரும்பாலும் இந்தக் கழிவு நார்தான். புதுசாக இருக்கும்போது சொரசொரவென்று கடிக்கும், பல சலவைக்குப் பிறகே பழகும்.

இலையுதிர் காலத்திலிருந்து கிறிஸ்துமஸ் வரை நூற்பு நடக்கும். கிறிஸ்துமஸ் கழிந்து, பகல் நீளத் தொடங்கும்போது தறியை வீட்டுக்குள் பூட்டுவார்கள். பெரிய அறையில் ஒரு மூலையை முழுக்க அடைத்துக்கொள்ளும் தறி அது. வசந்தத்தில் கழற்றிப் பரணில் ஏற்றிவிடுவார்கள். நெய்த லினனை மார்ச், ஏப்ரல் வெயிலில் பனியின் மேல் விரித்து வெளுப்பார்கள்.

முழுக் கம்பளித் துணி நெய்ய ரோமம் போதாது. அதனால் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் பாவுக்குக் கடைப் பருத்தி நூல், குறுக்கே ஓட்டும் ஊடைக்கு வீட்டுக் கம்பளி நூல் என்று கலந்து நெய்த அரைக்கம்பளிதான் பெண் பிள்ளைகளின் கவுனுக்கும் பையன்களின் சட்டைக்கும் வழக்கம். 1820-இல் ஜேம்ஸ் ஃபின்லேசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தம்பேரே நகரில் தொடங்கிய ஆலையும், பின்னால் வந்த மற்ற ஆலைகளும் பருத்தி நூலைக் கிராமம் வரை கொண்டுவந்து சேர்த்திருந்தன. பருத்திப் பாவு தறியில் அறுபடாது, சலவையில் துணி அவ்வளவாகச் சுருங்காது. கம்பளி ஊடை சூடு தரும். சிக்கனத்துக்காகப் பிறந்த துணியானாலும், பிள்ளைகளுக்கு முழுக் கம்பளியைவிட இதுவே தோது.

குளிர்காலக் கால்சட்டைக்கும் மேல்கோட்டுக்கும் ‘சார்க்கா’ என்ற தடித்த கம்பளித் துணி. நெசவு முடிந்தபின் வெந்நீரும் சோப்பும் விட்டு மிதித்தோ, இதற்கென்றே இருந்த ஆலையில் இடித்தோ, இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகும்வரை வேலை வாங்குவார்கள். துணி சுமார் மூன்றில் ஒரு பங்கு சுருங்கும். அதைக் கணக்கிட்டு அகலமாகவும் தளர்வாகவும் நெய்ய வேண்டும். இறுகிய சார்க்காவில் காற்று நுழையாது, பனி ஒட்டாது, வெட்டிய ஓரம் நூல் பிரியாது. ஆனால் அட்டைபோல் விறைத்து நிற்கும். நனைந்த சார்க்காக் கால்சட்டையோடு நடக்கும் பையனுக்குத் தொடையின் உட்புறம் உரசிப் புண்ணாவது வாடிக்கை.

கைக்குழந்தைக்குப் பழசு, பையனுக்குக் கவுன்

பிறந்த குழந்தைக்கு வீட்டிலேயே மிகப் பழைய துணிதான் போகும். புது லினன் விறைப்பு. இருபது ஆண்டு துவைத்த படுக்கை விரிப்போ தாத்தாவின் சட்டையோதான் தோலுக்குப் பதம். அதைக் கிழித்தே குழந்தைக்கு அரைத்துணியும் சின்னச் சட்டையும் தைத்தார்கள். அந்தப் பழசுகூட இல்லாத வீடுகள் இருந்தன. 1920-இல் தொடங்கிய மன்னர்ஹெய்ம் குழந்தை நலச் சங்கம், குழந்தைத் துணிகள் நிரம்பிய கூடைகளை அத்தகைய தாய்மார்களுக்கு இரவல் கொடுத்தது. குழந்தை வளர்ந்ததும் துவைத்துத் திருப்பினால், கூடை அடுத்த வீட்டுக்குப் போகும். இந்தச் சங்கத்தில் பல ஆண்டுகள் உழைத்த மருத்துவர் ஆர்வோ இல்ப்பொ, குழந்தை இறப்பைக் குறைக்கச் சுத்தத்தையும் தாய்ப்பாலையும் ஓயாமல் வலியுறுத்தியவர். 1937-இல் மகப்பேற்று உதவிச் சட்டம் வந்தது. 1938 முதல் வருமானம் குறைந்த தாய்மார்கள் பணமாகவோ துணிப்பெட்டியாகவோ உதவி பெற்றார்கள். அந்தக் காலப் பெட்டியில் தைத்த உடையோடு வெட்டாத துணியும் இருந்தது. தைக்கத் தெரியாத தாய் இருப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை.

நடக்கத் தொடங்கியதும் ஆண், பெண் இருவருக்கும் ஒரே உடை: முழங்காலுக்குக் கீழே இறங்கும் நேரான கவுன், ‘கொல்ட்டு’. உள்ளே பெரும்பாலும் எதுவும் இருக்காது. கழிப்பறைப் பழக்கம் வராத பிள்ளைக்குக் கால்சட்டை போட்டால் ஒவ்வொரு முறையும் அதை அவிழ்த்துத் துவைத்து உலர்த்த வேண்டும். பின்லாந்துக் குளிரில் ஒரு சார்க்காக் கால்சட்டை உலர நாள் கணக்காகும். கவுனைத் தூக்கிவிட்டால் வேலை முடிந்தது. அக்காவின் கவுன் அப்படியே தம்பிக்கு வரும் என்பது கூடுதல் லாபம். மூன்று முதல் ஐந்து வயதுக்குள், தானே பொத்தானை அவிழ்க்கத் தெரிந்த பிறகு, பையனுக்கு முதல் கால்சட்டை கிடைக்கும். அதுவும் தோள்பட்டியோடு இருக்கும். இடுப்பில் பெரிதாகத் தைத்ததைத் தோள்தானே தாங்க வேண்டும்.

லீவி என்ற சின்னக் கருவி

குளிர்கால உடையில் நவீன வாசகருக்குச் சுத்தமாகப் பழக்கமில்லாத ஒன்று ‘லீவி’. கையில்லாத, உடம்பைப் பிடித்தாற்போல் தைத்த பருத்தி உள்மேல்சட்டை. பொத்தான் பெரும்பாலும் முதுகில். விலா ஓரத்தில் இரு பக்கமும் எலாஸ்டிக் நாடா தொங்கும். நாடாவின் முனையில் பொத்தான் துளை. நீண்ட கம்பளிக் காலுறையின் மேல் விளிம்பில் பொத்தான் தைத்திருக்கும். இரண்டையும் மாட்டினால் காலுறை தொடையில் நிற்கும். பெண் பிள்ளைகள் மட்டுமல்ல, பள்ளிக்குப் போகும் சின்னப் பையன்களும் அரைக்கால்சட்டைக்குள் இதையே போட்டார்கள். வளர வளர அதை வெறுக்கவும் செய்தார்கள்.

காலுறையைத் தொடையில் கயிற்றால் கட்டியிருக்கலாமே என்று தோன்றும். கட்டினால் இரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் விறைக்கும், தளர்த்தினால் வழியும். லீவி அந்தப் பாரத்தைத் தோளுக்கு ஏற்றியது. பொத்தான் அறுந்துபோனால் காலுறைக்குள் ஒரு நாணயத்தை வைத்து, வெளியிலிருந்து அதைச் சுற்றி நாடாவின் துளையை மாட்டிச் சமாளிப்பார்கள். பொத்தானின் இழுப்பில் காலுறையின் விளிம்பு கிழியும் என்பதால் அங்கே ஒரு துண்டுத் துணி வைத்துத் தைப்பதுண்டு. எலாஸ்டிக் ஓராண்டில் தளர்ந்துவிடும். முடிச்சுப் போட்டுக் குறுக்கி ஓட்டுவார்கள். காலுறைக்கும் கால்சட்டைக்கும் நடுவே ஒரு விரற்கடை தோல் வெறுமையாக இருக்கும். குளிர் வந்து கடிக்கும் இடம் அதுதான்.

பள்ளிக்கு நடந்த கால்கள்

1921-இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. அதுவரை கடுங்குளிரில் வீட்டுக்குள்ளேயே இருக்க முடிந்த ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளும் இனிப் பனியில் சில கிலோமீட்டர் நடந்தோ பனிச்சறுக்குக் கட்டையிலோ பள்ளி சேர வேண்டும். பல வீடுகளில் பள்ளிக்கு வராததற்குச் சொன்ன காரணம் உடையும் காலணியும் இல்லை என்பதே. ஏழைப் பிள்ளைகளுக்கு உடையும் உணவும் கொடுக்கும் பொறுப்பை அதே சட்டம் உள்ளாட்சியின் மேல் வைத்தது. ஆள் குறைந்த ஊர்களில் ஒரே ஆசிரியர் சின்ன வகுப்புகளை இலையுதிர் தொடக்கத்திலும் வசந்தத்திலும் மட்டும் நடத்தி, நடுக்குளிரை மூத்த பிள்ளைகளுக்கு ஒதுக்கினார். ஆசிரியர் பற்றாக்குறைக்கான ஏற்பாடு அது; ஆனால் கம்பளிக் கால்சட்டை இல்லாத ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு அதனால் பெரிய நன்மை.

ஜனவரியில் எட்டு வயதுப் பையன் உள்ளிருந்து வெளியே: ஃபிளானல் அல்லது லினன் உள்சட்டை, லீவி, நீண்ட கம்பளிக் காலுறை, சார்க்காக் கால்சட்டை, கம்பளிப் பின்னல் சட்டை, அப்பாவின் கோட்டிலிருந்து வெட்டிய மேல்கோட்டு, காது மூடும் தொப்பி. கையில் கம்பளிக் கையுறை, அதன்மேல் தோலுறை. கையுறை தனியாக இருந்தால் பனி ஒட்டி மணிமணியாக உறைந்து, வகுப்பில் உருகிச் சொட்டும். வேண்டுமென்றே பெரிதாகப் பின்னி வெந்நீரில் கசக்கி இறுக்கியது பனியை நெடுநேரம் தாங்கும். கிழக்குப் பகுதிகளில் ஒற்றை ஊசியால் கண்ணி கண்ணியாக முடியும் பழைய முறைக் கையுறை இன்னும் வழக்கில் இருந்தது. ஓரிடத்தில் அறுந்தாலும் பின்னல் ஓடிப் பிரியாது. பெண் பிள்ளைக்கு அரைக்கம்பளிக் கவுன், மேலே பருத்தி ஏப்ரன், அதன்மேல் மார்பில் குறுக்காகச் சுற்றி முதுகில் முடிந்த கம்பளிச் சால்வை. ஏப்ரன் அழகுக்கு என்று நினைக்கக் கூடாது. கவுனை அடிக்கடி துவைக்க முடியாது, ஏப்ரனைத் துவைக்கலாம், அவ்வளவுதான்.

காலணி துணியைவிட அருமைப் பொருள். பனி உருகி மண் சூடேறியதிலிருந்து இலையுதிர்காலம் வரை வெறுங்கால். காலணி தைப்பவர் ஊர் ஊராக, வீடு வீடாக வருவார். சில நாள் தங்கி, அந்த வீட்டுச் சாப்பாட்டில், அந்த வீட்டு மாட்டின் தோலில் எல்லோருக்கும் தைத்துக் கொடுத்துப் போவார். ‘பியெக்ஸு’ என்ற காலணியின் நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். பனிச்சறுக்குக் கட்டையின் வாரிலிருந்து கால் நழுவாமல் அந்த வளைவு பிடித்துக்கொள்ளும். கம்பளிக் காலுறை இரண்டு போகும்படி பெரிதாகத் தைக்க வேண்டும். கால் நெருக்கமாக இருந்தால் நடுவே காற்று நிற்காது, காற்று இல்லாவிட்டால் சூடும் இல்லை. தாரும் கொழுப்பும் கலந்து அடிக்கடி பூசாவிட்டால் தோல் தண்ணீர் குடிக்கும். நனைந்ததை அவசரத்தில் அடுப்பருகே வைத்தால் விறைத்து வெடிக்கும். அறையின் உத்தரத்தை ஒட்டிய கழிகளில், இளஞ்சூட்டில்தான் உலர்த்த வேண்டும். கம்பளி அடித்துச் செய்த ஃபெல்ட் பூட்ஸ் உலர்ந்த கடுங்குளிருக்கு இதைவிட மேல். ஆனால் பனி உருகும் மார்ச் மாதத்தில் பஞ்சுபோல் நீரை உறிஞ்சி அதே பூட்ஸ் பகையாகிவிடும்.

வளரும் பிள்ளைக்கு வெட்டும் முறை

புதுக் கவுன் வெட்டும்போதே விளிம்பில் ஒரு சாண் துணியை உள்ளே மடித்துவிடுவார்கள். பாவாடைப் பகுதியில் இரண்டு மூன்று குறுக்கு மடிப்புகளும் தைப்பார்கள். ஆண்டுக்கு ஒரு மடிப்பைப் பிரித்தால் நீளம் கூடும். பிரித்த இடத்தில் பழைய தையல் கோடும் வெளுக்காத நிறப் பட்டையும் தெரியும். முதலில் சொன்ன குறுக்குக் கோடுகள் இவைதான். பழைய புகைப்படத்தில் கவுனில் எத்தனை கோடுகள் என்று எண்ணினால், அது எத்தனை முறை நீட்டப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

பெரியவர் கோட்டு நைந்தால் பிரித்து, துணியை உட்புறம் வெளியே வரும்படி திருப்பித் தைப்பார்கள். வெயில் படாத உட்புறம் புதுசுபோல் இருக்கும். பொத்தான் மட்டும் எதிர்ப்பக்கம் வந்துவிடும், மார்புப் பையும் இடம் மாறும். முழங்கையும் முதுகின் மேற்பகுதியும் தேய்ந்திருக்கும் என்பதால், பிள்ளைக்கு வெட்டும்போது அவற்றைத் தவிர்த்து, தேயாத கீழ்ப்பகுதியில் முதுகையும் கையின் மேற்பகுதியில் கால்சட்டையின் காலையும் எடுப்பது தையல் தெரிந்தவர் செய்கிற வேலை. தையல் இயந்திரம் பல வீடுகளில் அப்போது வந்துவிட்டிருந்தது. 1899-இல் தொடங்கிய மார்த்தா என்ற பெண்கள் அமைப்பின் வகுப்புகளும், 1922-இல் பிறந்த ‘கோட்டிலியெசி’ போன்ற பெண்கள் இதழ்களும் வெட்டு முறைகளை ஊர்ப்புறத்துக்குக் கொண்டுவந்தன.

காலுறையை மேலிருந்து கீழாகப் பின்னுவதிலும் இதே கணக்குதான். தேய்வது குதிகாலும் பாதமும். கணுக்காலுக்கு மேல் ஒன்றும் ஆகாது. கீழே முடித்திருந்தால், பாதத்தை மட்டும் பிரித்துக் கண்ணிகளை ஊசியில் ஏற்றிப் புதுப் பாதம் பின்னிவிடலாம். குதிகாலுக்கு நூலோடு இன்னொரு இழை சேர்த்துப் பின்னினால் ஒரு குளிர்காலம் கூடுதலாகத் தாங்கும்.

துவைப்பதும் துவைக்காததும்

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது கம்பளிக்குப் பொருந்தாத அறிவுரை. சூடான நீரில் கசக்கினால் பிள்ளையின் சட்டை பொம்மையின் சட்டையாகிவிடும். கம்பளியைக் காற்றாட விட்டு, தட்டி, வேண்டியபோது மட்டும் வெதுவெதுப்பான நீரில் முக்கி அலசுவார்கள். லினனும் பருத்தியும்தான் சலவையின் முழு வலியைத் தாங்குபவை. ஆண்டுக்குச் சில முறை நடக்கும் பெருஞ்சலவையில் பிர்ச் மரச் சாம்பலைக் கொதிக்கவைத்த காரநீரை ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டையால் அடித்து, ஏரியில் அலசுவார்கள். குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் துளை வெட்டி அங்கே. சனிக்கிழமைச் சௌனாவுக்குப் பிறகு பிள்ளைக்குச் சலவைச் சட்டை. அதையே உடுத்தித் தூங்கி, அதையே வாரம் முழுக்கப் போடும். பேன் பிடித்த உடையைச் சூடேறிய சௌனாவின் மேற்புறத்தில் தொங்கவிட்டால் பேனும் சாகும், துணியும் சுருங்காது. ஈரமில்லாத சூடு என்பதே அதன் சூட்சுமம்.

புகைப்படங்களை வைத்து மட்டும் அந்தக் கால உடையை மதிப்பிடுவதில் ஓர் ஆபத்து உண்டு. படம் எடுப்பது அரிது; அன்று போட்டது வீட்டில் இருந்ததிலேயே நல்லது. படத்தில் காணும் வெள்ளைக் காலரைக் கழற்றித் தனியே துவைக்கலாம், அடியில் இருக்கும் கவுனை அப்படித் துவைக்க முடியாது. நல்ல உடையும் வெறுங்காலும் சேர்ந்து வருவதை வறுமை என்று உடனே படிக்க வேண்டாம். பெரும்பாலும் அது கோடை. கால்தான் அன்றைக்கு அன்றாட உடையில் இருக்கிறது.

கடைசியில் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட இடமில்லாத பருத்தித் துணியை ஒரு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, முனைக்கு முனை தைத்து, உருண்டைகளாகச் சுற்றி வைப்பார்கள். தறி பூட்டும்போது அவை ஊடையாகித் தரைவிரிப்பாகும். பட்டை வெட்டுவது பிள்ளைகளின் வேலை. அகலம் ஒரே சீராக வராவிட்டால் விரிப்பில் மேடு விழும், மேட்டில்தான் முதலில் தேயும். கம்பளிக் கந்தல் இந்த விரிப்புக்கு ஆகாது. தடிக்கும், அந்துப் பூச்சி வரும். அதை நான்கைந்து அடுக்காக அடுக்கி நெருக்கமாகத் தைத்தால் வீட்டுக்குள் போடும் துணி மிதியடிக்கு அடித்தளம் கிடைக்கும். ஒரு குளிர்காலத்தில் அது தேய்ந்ததும் மேல்பகுதியை வைத்துக்கொண்டு, அடித்தளத்தை மட்டும் மாற்றித் தைப்பார்கள்.